விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணி நேரம்? ஒர்க் ஷீட்டில் நீங்களே கணக்கிடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு வந்ததும் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, ஊருக்கு ஊர் தூரம் பார்ப்பது. தேடல் பெட்டியில் இரண்டு ஊர்களின் பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும். இத்தனை கிலோமீட்டர், விமானத்தில் இத்தனை நிமிடம் என்று விடை வந்து நிற்கிறது. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த விடையை அப்படியே நம்பி எங்கள் வீட்டில் ஒரு பயணத்தைத் திட்டமிட்டோம். நடந்ததைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்கு வயது 74. முழங்கால் வலிக்காரர். மதுரையில் தங்கை வீட்டில் இருக்கிறார். கோவையில் ஒரு சிறப்பு மருத்துவரிடம் காலை 10.30 மணிக்கு நேரம் கிடைத்தது. ஒரு மாதம் முன்கூட்டியே கிடைத்த தேதி. ரயிலில் டிக்கெட் போடலாமா என்று நான் கேட்டபோது தங்கை போனில் சொன்னாள்: "அண்ணே, நெட்ல பாத்தேன். மதுரை டு கோயம்புத்தூர் பிளேன்ல 43 நிமிஷந்தானாம். அப்பாவை எதுக்கு அஞ்சு மணி நேரம் உட்கார வைக்கணும்? காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம்."

நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தூரம் 176 கிலோமீட்டர், பயண நேரம் 43 நிமிடம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தோம். நாங்கள் தேடிய தேதியில் மதுரையிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் ஒன்றுகூட இல்லை. சென்னைக்குப் போய், அங்கே காத்திருந்து, வேறு விமானம் பிடித்துக் கோவைக்கு வர வேண்டும். அதில் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் தாண்டிவிடும். ரயிலில் இடம் தீர்ந்துவிட்டது. கடைசியில் ஆரப்பாளையத்தில் இரவு பஸ் ஏறி, விடியற்காலை மூன்றரை மணிக்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் தங்கையும் இறங்கினார்கள். விடியும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர்லயே போட்டிருந்துச்சேப்பா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டிருந்தது உண்மைதான். அது பொய்யும் இல்லை. ஆனால் அது கால அட்டவணை அல்ல, வெறும் கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பாடத்தில் அதே கணக்கை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள். போட்டுப் பார்த்தால் அந்த 43 நிமிடம் எங்கிருந்து வந்தது, அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்பது தானாக விளங்கிவிடும்.

என்ன தேவை?

எக்செல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கூகுள் ஷீட்ஸும் சரியே. கீழே சொல்லப்படும் எல்லாமே மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பெரிய ஃபார்முலா எதுவும் வேண்டாம்.

படி 1: விமான நிலையம் எங்கே இருக்கிறது?

மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் ‘திண்டுக்கல்லுக்குத் தெற்கே’ என்போம். கம்ப்யூட்டருக்கு அது புரியாது. அதற்கு எண் வேண்டும். பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறித்துவிடலாம். நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே என்பது அட்சரேகை. இங்கிலாந்தில் உள்ள கிரீன்விச்சிலிருந்து எத்தனை டிகிரி கிழக்கே அல்லது மேற்கே என்பது தீர்க்கரேகை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

இந்த எண்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து விமான நிலையத்தைத் தேடுங்கள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மவுஸின் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்குங்கள். ஓடுபாதையின் நடுவில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவின் முதல் வரியில் கமா போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. அந்த வரியின் மீது கிளிக் செய்தால் எண்கள் காப்பி ஆகிவிடும்.

நம் பாடத்துக்கு வேண்டிய மூன்று விமான நிலையங்களின் எண்களை இரண்டு தசம இடங்களோடு இங்கே தருகிறோம்.

மதுரை: 9.83, 78.09
கோவை (பீளமேடு): 11.03, 77.04
சென்னை (மீனம்பாக்கம்): 12.99, 80.17

இங்கே ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் இதே எண்களை டிகிரி, நிமிடம், விநாடி என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மதுரைக்கு 9 டிகிரி 50 நிமிடம் என்று இருக்கும். அதைப் பார்த்து 9.50 என்று அடித்துவிடாதீர்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். எனவே 50 நிமிடம் என்பது 50-ஐ 60-ஆல் வகுத்தால் வரும் 0.83 டிகிரி. சரியான எண் 9.83. தவறாக 9.50 என்று கொடுத்தால், மதுரை விமான நிலையத்தைச் சுமார் 37 கிலோமீட்டர் தெற்கே தூக்கிப் போட்டுவிடுவீர்கள்!

படி 2: டிகிரியைக் கிலோமீட்டராக மாற்றுவது

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். சுற்று முழுவதும் 360 டிகிரி. 40,000-ஐ 360-ஆல் வகுத்தால் 111 கிடைக்கும். அதாவது வடக்கு தெற்காக ஒரு டிகிரி போனால் 111 கிலோமீட்டர்.

கிழக்கு மேற்காகப் போகும்போது இது கொஞ்சம் மாறும். ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாருங்கள். சுளைகள் நடுவில் அகலமாகவும் இரண்டு முனைகளில் குறுகலாகவும் இருக்கும். தீர்க்கரேகைகளும் அப்படியே. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி 111 கிலோமீட்டர் இருக்கும். துருவத்தில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து பூஜ்ஜியம் ஆகிவிடும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அதிகம் குறைவதில்லை. 109 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆக, நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே எண்கள். வடக்கு தெற்குக்கு 111. கிழக்கு மேற்குக்கு 109.

படி 3: ஒர்க் ஷீட்டில் அமைப்பது

புதிய ஒர்க் ஷீட்டைத் திறங்கள். மேலே குறுக்கு வரிசையில் ஆங்கில எழுத்துகளும் இடப்பக்கம் எண்களும் இருப்பதைப் பார்க்கலாம். பி என்ற நிரலும் 2 என்ற வரிசையும் சந்திக்கும் செல்லின் பெயர் பி2. இந்தப் பாடத்தில் எழுத்தின் பெயரைத் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் கீபோர்டில் உள்ள ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். இன்னும் சுலபமான வழி, செல்லின் பெயர் வர வேண்டிய இடத்தில் அந்தச் செல்லையே மவுஸால் கிளிக் செய்வது. பெயர் தானாக வந்து உட்காரும்.

முதலில் தகவல்களை இடுங்கள்.

ஏ2 செல்லில் மதுரை, பி2-ல் 9.83, சி2-ல் 78.09.
ஏ3 செல்லில் கோவை, பி3-ல் 11.03, சி3-ல் 77.04.

இனிக் கணக்கு. சமக்குறி போட்டுத் தொடங்கினால்தான் ஒர்க் ஷீட் அதைக் கணக்கு என்று புரிந்துகொள்ளும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொன்றையும் அடித்து முடித்ததும் என்டர் தட்டுங்கள்.

பி4-ல் =பி3-பி2 என்று கொடுங்கள். விடை 1.2 வரும். இது வடக்கு தெற்கு வித்தியாசம், டிகிரியில்.
சி4-ல் =சி3-சி2 என்று கொடுங்கள். விடை -1.05 வரும். இது கிழக்கு மேற்கு வித்தியாசம். கோவை மதுரைக்கு மேற்கே இருப்பதால் மைனஸ் வருகிறது. பயப்பட வேண்டாம், பின்னால் சரியாகிவிடும்.
பி5-ல் =பி4*111 என்று கொடுங்கள். விடை 133.2 கிலோமீட்டர்.
சி5-ல் =சி4*109 என்று கொடுங்கள். விடை -114.45 கிலோமீட்டர்.

இப்போது என்ன தெரிகிறது? மதுரையிலிருந்து கோவைக்கு வடக்கே 133 கிலோமீட்டர் போய், அங்கிருந்து மேற்கே 114 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் விமானம் அப்படி ஆங்கில எல் எழுத்து மாதிரி மடங்கிப் போகாது. குறுக்கே போகும். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் தெரிந்தால் சாய்ந்த பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக்கூடத்து பிதாகரஸ் தேற்றம்தான். இரண்டு பக்கங்களையும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

பி6-ல் =பி5*பி5 என்று கொடுங்கள். விடை 17742.24.
சி6-ல் =சி5*சி5 என்று கொடுங்கள். விடை 13098.8025. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்பதால் மைனஸ் மறைந்துவிட்டது பாருங்கள்.
பி7-ல் =பி6+சி6 என்று கொடுங்கள். விடை 30841.0425.
பி8-ல் =பி7^0.5 என்று கொடுங்கள். நடுவில் உள்ள தொப்பி மாதிரியான குறி, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு 6 என்ற கீயை அழுத்தினால் வரும். ஒரு எண்ணுக்கு 0.5 அடுக்கு போடுவதும் வர்க்கமூலம் எடுப்பதும் ஒன்றே.

விடை 175.62 கிலோமீட்டர். தங்கை பார்த்த பக்கத்தில் இருந்த 176 இதுதான்.

சரிபார்க்க விரும்பினால் கூகுள் மேப்ஸில் மதுரை ஓடுபாதையின் மீது வலது கிளிக் செய்து, ‘மெஷர் டிஸ்டன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கோவை ஓடுபாதையின் மீது ஒரு கிளிக். ஒரு கோடு விழும், பக்கத்தில் தூரமும் வரும். உங்கள் விடைக்கு மிக அருகில் இருக்கும். கோட்டின் நடுப்பகுதி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழனிக்குப் பக்கத்தில்! பஸ் டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் எடுத்தாலும் நாம் பழனிப் பக்கம் போகத்தான் செய்கிறோம். ஆனால் சாலை வளைந்து போவதால் 215 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டுவிடுகிறது.

சில பக்கங்களில் 109 என்றோ 95 என்றோ பார்த்தால் குழம்ப வேண்டாம். அது கிலோமீட்டர் இல்லை. 175.62 கிலோமீட்டர் என்பது சுமார் 109 மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் நாட்டிகல் மைல் கணக்கில் சுமார் 95. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

படி 4: 43 நிமிடம் எப்படி வந்தது?

தூரம் தெரிந்துவிட்டது. நேரம் வேண்டும் என்றால் வேகத்தால் வகுக்க வேண்டும். இப்படிப்பட்ட பக்கங்களில் பொதுவாக மணிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டி ஒரு வேகத்தை வைத்துக்கொள்வார்கள். அதோடு, மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி நேரத்தைச் சேர்ப்பார்கள். நாமும் அதையே செய்வோம்.

பி9-ல் =பி8/800*60 என்று கொடுங்கள். விடை 13.17 நிமிடம்.
பி10-ல் =பி9+30 என்று கொடுங்கள். விடை 43.17 நிமிடம்.

இதோ வந்துவிட்டது அந்த 43 நிமிடம்! இதைக் கணக்கிட நாம் எந்த விமான நிறுவனத்தையும் கேட்கவில்லை. எந்த அட்டவணையையும் பார்க்கவில்லை. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு புள்ளிகள், ஒரு கோடு, ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். அவ்வளவுதான். பி3, சி3 செல்களில் உங்கள் கிராமத்துக் கண்மாய்க் கரையின் எண்களைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் மறுக்காமல் ‘விமான நேரம்’ சொல்லும்.

விடையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 43 நிமிடத்தில் 30 நிமிடம் ஏறி இறங்குவதற்கே போய்விடுகிறது. மீதி 13 நிமிடம்தான் ஓட்டம். இத்தனை குறுகிய தூரத்தில் ஜெட் விமானம் தன் முழு உயரத்துக்குப் போவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். சிறிய ஊர்களுக்கு வரும் ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்களின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான். பி9-ல் 800-க்குப் பதில் 500 என்று மாற்றிப் பாருங்கள். ஓட்ட நேரம் 21 நிமிடம், மொத்தம் 51 நிமிடம். எந்த விமானம் என்பதைப் பொறுத்து நேரம் மாறும் என்பதற்கு இது உதாரணம். பார்த்து முடித்ததும் மறுபடியும் 800 ஆக்கிவிடுங்கள்.

படி 5: உண்மையான வழியைக் கணக்கிடுவது

ஒர்க் ஷீட்டின் உண்மையான பலன் இனிமேல்தான். கணக்கை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஏ3-ல் சென்னை என்றும், பி3-ல் 12.99, சி3-ல் 80.17 என்றும் மாற்றுங்கள். கீழே எல்லாம் தானாக மாறும். மதுரையிலிருந்து சென்னைக்கு 417.65 கிலோமீட்டர், நேரம் சுமார் 61 நிமிடம்.

அடுத்து ஏ2-ல் கோவை என்றும், பி2-ல் 11.03, சி2-ல் 77.04 என்றும் மாற்றுங்கள். கோவைக்கும் சென்னைக்கும் இடையே 404.63 கிலோமீட்டர், நேரம் சுமார் 60 நிமிடம்.

இரண்டையும் கூட்டினால் 822 கிலோமீட்டர்! நேர்கோட்டில் 176 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு, சென்னை வழியாகப் போனால் வானத்தில் நாலரை மடங்கு தூரம் பறக்க வேண்டும். அன்று நாங்கள் டிக்கெட் தேடியபோது திரையில் தெரிந்த வழி இதுதான்.

படி 6: வாசலிலிருந்து வாசல் வரை

விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் பயண நேரம் ஆகாது. வீட்டுப் படியிலிருந்து போய்ச் சேர வேண்டிய படி வரை கணக்கிட வேண்டும். ஒர்க் ஷீட்டின் அடியில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றைத் திறங்கள். ஏ நிரலில் விவரமும் பி நிரலில் நிமிடமும் இடுங்கள். எங்கள் பயணத்துக்கு இப்படி வரும்.

வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம்: 45
புறப்பாட்டுக்கு முன் அங்கே இருக்க வேண்டிய நேரம்: 120
மதுரை முதல் சென்னை: 60
சென்னையில் காத்திருப்பு: 150
சென்னை முதல் கோவை: 60
இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர: 30
விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை: 30

பட்டியலுக்குக் கீழே உள்ள காலிச் செல்லில் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். கிரேக்க சிக்மா எழுத்துப் போட்ட பட்டன் அது. மொத்தம் 495 நிமிடம். அடுத்த செல்லில் இதை 60-ஆல் வகுத்தால் 8.25 என்று வரும். இதை 8 மணி 25 நிமிடம் என்று படிக்கக் கூடாது. 0.25 என்பது கால் மணி. எனவே 8 மணி 15 நிமிடம்.

இதே போல பஸ்ஸுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் 30, காத்திருப்பு 15, பஸ் பயணம் 300, ஆட்டோ 30. மொத்தம் 375 நிமிடம், அதாவது 6 மணி 15 நிமிடம். காரில் வாசலுக்கு வாசல் நாலரை மணி நேரம் என்றால் 270 நிமிடம். ‘43 நிமிட’ விமானத்தை விடக் கார் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் முந்துகிறது! உங்கள் ஊருக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்தில் குறைத்துப் போடாதீர்கள். குறிப்பாக வயதானவர்கள் கூட வந்தால் நடக்கிற நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

புறப்பாட்டுக்கு முன் 120 நிமிடமா என்று சிலர் நினைக்கலாம். உள்நாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடப்பட்டுவிடும். அதற்கு முன் வாசலில் அடையாள அட்டை காட்ட வேண்டும், பெட்டியைக் கொடுக்க வேண்டும், பிறகு பாதுகாப்புச் சோதனை. உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எதுவோ அதையே பின்பற்றுங்கள்.

அட்டவணை நேரம் ஏன் இன்னும் கூடுதலாக இருக்கிறது?

நம் கணக்கில் மதுரை சென்னை 61 நிமிடம். ஆனால் விமான நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்தால் அதை விடக் கூடுதலாகத்தான் போட்டிருப்பார்கள். காரணம் இதுதான். அவர்கள் கணக்கு, விமானம் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததும் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை. அதனால்தான் இதற்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். ஓடுபாதைக்கு மெல்ல ஊர்ந்து போவது, முன்னால் உள்ள விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்கிய பின் நிறுத்துமிடம் வரை வருவது எல்லாம் இதில் அடக்கம். விமானம் நேர்கோட்டிலும் போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையோ அந்தத் திசையில் கிளம்பி, வகுத்துக் கொடுத்த வான்வழியில் போய், வரிசையில் நின்று இறங்குகிறது. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் நேரம் கூடும்.

விமானம் உண்டா இல்லையா என்று பார்ப்பது எப்படி?

தூரம் காட்டும் பக்கத்தைப் பார்க்காதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலோ டிக்கெட் விற்கும் பக்கத்திலோ, நீங்கள் போக வேண்டிய தேதியைக் கொடுத்துத் தேடுங்கள். தேதி கொடுப்பது முக்கியம். சில வழிகளில் விமானம் தினமும் இருக்காது.

தேடும்போது ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துக் குறியீடு தெரியும். மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி., சென்னைக்கு எம்.ஏ.ஏ. சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று இதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

விடைகளில் ‘நான்-ஸ்டாப்’ என்று இருந்தால் நடுவில் எங்கும் இறங்காது. ‘டைரக்ட்’ என்று இருந்தால் அதே விமானம்தான், ஆனால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். ‘ஒன் ஸ்டாப்’ என்று இருந்தால் காத்திருப்பு எவ்வளவு என்று பாருங்கள். போய்ச் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று போட்டிருந்தால் மறுநாள்தான் போய்ச் சேருவீர்கள் என்று பொருள்.

போன வருடம் போனோமே என்று இந்த வருடமும் நம்பி இருக்க வேண்டாம். தூரம் மாறாது, விமானச் சேவை மாறும். சேலத்தைப் பாருங்கள். மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018-ல் சேலம் சென்னை விமானம் தொடங்கியது. 2021-ல் நின்றுபோனது. மறுபடி 2023-ல்தான் சேலத்தில் விமானம் வந்து இறங்கியது. இந்த ஆண்டுகள் முழுவதும் தூரம் காட்டும் பக்கங்கள் சேலத்துக்கு ஒரே ‘விமான நேரத்தை’த்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

இந்தக் கணக்கு எதுவரை சரி?

பக்கத்து ஊர்களுக்குச் சரி. தமிழ்நாடு, கேரளா, இலங்கையின் வடபகுதி வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். சென்னையிலிருந்து லண்டனுக்குக் கணக்கிட்டால் தவறாகிவிடும். அத்தனை தூரத்தில் 109 என்ற எண்ணும் நிற்காது, பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். உருண்டையின் மீது இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அந்தப் பாதை தெரியும். அதைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வளைவாகத் தோன்றும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பயிற்சி. திருச்சி விமான நிலையம் 10.77, 78.71. யாழ்ப்பாணம் (பலாலி) விமான நிலையம் 9.79, 80.07. இந்த எண்களை உங்கள் ஒர்க் ஷீட்டில் கொடுங்கள். விடை 184 கிலோமீட்டருக்கு மிக அருகில் வர வேண்டும். வராவிட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மதுரை கோவைக்கும் இதற்கும் எட்டுக் கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் மாதம் நேரடி விமானம் தொடங்கியது. அங்கே மட்டும் ஏன்? நடுவில் கடல். காரும் பஸ்ஸும் போக முடியாது. மதுரைக்கும் கோவைக்கும் நடுவில் சாலையும் தண்டவாளமும் இருக்கின்றன. தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், தேவைதான் வேறு. அந்த வித்தியாசம் எந்த ஃபார்முலாவிலும் இல்லை. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

அப்பாவுக்கு மறுபரிசோதனைக்குத் தேதி வந்தபோது தங்கை இந்த ஒர்க் ஷீட்டைப் போட்டுக் காட்டினாள். இந்த முறை பகல் ரயிலில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, முந்தின நாளே கோவைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். காலையில் ஆட்டோவில் போய் இறங்கியபோது மணி பத்து. "இதையும் கம்ப்யூட்டர்லதான் பாத்தியாம்மா?" என்று அப்பா கேட்டாராம். "ஆமாப்பா, இந்தத் தடவை கணக்கு நான் போட்டது" என்றாளாம்.

ஒர்க் ஷீட்டை மூடுவதற்கு முன் கண்ட்ரோல் கீயோடு எஸ் கீயை அழுத்தி, ‘பயணம்’ என்று பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்துக்கு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.